விரல் காட்டிய இடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இந்த ராஜாவைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அவர் எங்கே இருந்தார்? நடந்தார். விடிந்ததும் நடப்பார், சாப்பிட்டுக்கொண்டே நடப்பார், வெளிநாட்டுத் தூதன் வந்தால் அவனையும் கூடவே நடக்க வைத்துச் செய்தி கேட்பார். சபா மண்டபத்தில் சிங்காசனம் ஒன்று கிடந்தது. அதில் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்கிறவர்கள் ஊரில் இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் சத்தியம் செய்யச் சொன்னால் நழுவிவிடுவார்கள். கிழக்குத் தூணுக்கும் மேற்குத் தூணுக்கும் இடையே அவர் நடந்து நடந்து தரைக்கல் வழுவழுவென்று ஆகிவிட்டது. பரிசு வாங்க வந்த புலவர் ஒருவர் அதில் வழுக்கி விழுந்து, பாட்டைப் பாடாமலேயே வைத்தியரிடம் போனார்.

ராஜா நடந்தால் மந்திரிகளும் நடக்க வேண்டும். அது முறை. எழுத்தர் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தபடியே ஓலை எழுதினார். அதனால்தான் அந்த நாட்டு ஆணைகளில் வரிகள் மலையேறுவதும் இறங்குவதுமாக இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்ற பேச்சே அந்தச் சபையில் எடுபடாது. யோசிக்கிறவன் நாலடி பின்தங்கிவிடுவான், அப்புறம் அவன் சொல்வது ராஜாவின் காதில் விழாது.

அந்தச் சபையில் ஆண்டியப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். குட்டைக் கால், பெரிய தொந்தி. ராஜாவின் நடைக்கு அவனால் ஈடு கொடுக்க முடியாது. அதற்காக அவன் வெட்கப்பட்டதும் இல்லை. ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, ராஜா தன்னைக் கடந்து போகும்போது ஒரு வாக்கியமும், திரும்பி வரும்போது அடுத்த வாக்கியமுமாகப் பேசி முடிப்பான். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் கோட்டை வாசலில் பூ விற்கும் இரண்டு பெண்கள் வழக்கு என்று வந்து நின்றார்கள். மருதாயி அரளி விற்பவள். நாச்சியார் மல்லிகை விற்பவள். மூன்று வருஷத்துச் சண்டை. மல்லிகை பொழுது சாய்வதற்குள் வாடிப்போகும் என்றாள் மருதாயி. அரளிக்கு மணமே கிடையாது என்றாள் நாச்சியார். இதையே இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் குரலை ஒரு படி ஏற்றிக்கொண்டு. ராஜா நாற்பது தடவை மண்டபத்தை அளந்துவிட்டார். யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை. மந்திரிகள் ஆளுக்கொரு பூவின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஆண்டியப்பன் தூணை விட்டு முன்னால் வந்தான். நாச்சியாரைப் பார்த்து, மல்லிகை வாடுமா என்று மட்டும் கேட்டான்.

"பூவுன்னா வாடத்தான் செய்யும். வாடாம கெடக்க அது என்ன பித்தளையா?" என்றாள் அவள்.

மருதாயியிடம், அரளிக்கு மணம் உண்டா என்று கேட்டான்.

"அதுக்கு ஏது சாமி மணம்? நெறத்துக்குத்தான வாங்குறாங்க."

ஆண்டியப்பன் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "மகாராஜா, ஒரே பேச்சுக்கு ஒருத்தி ஆம் என்றும் மற்றவள் இல்லை என்றும் சொன்னால்தான் அது வழக்கு. இருவரும் ஆம் என்றால் அது வெறும் சத்தம்."

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக எதற்குச் சண்டை போட்டோம் என்று அவர்களுக்கே நினைவு வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார், அதுவும் நடந்துகொண்டே. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். உட்கார ஒரு இடம் வேண்டும் என்றான் ஆண்டியப்பன். சிங்காசனத்தின் வலப்பக்கம் ஒரு மணைப்பலகை போடப்பட்டது. அந்த நாளிலிருந்து அந்தச் சபையில் உட்கார உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான்.

அங்கேதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. பொன் கொடுத்திருந்தால்கூட மற்ற மந்திரிகள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து மாலை வரை நடக்கிறவனுக்கு எதிரே ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தால் எப்படி இருக்கும்? களஞ்சியத்து அமைச்சர் அம்பலவாணருக்கு முழங்கால் வீக்கம். ஏரியும் கரையும் கோட்டைச் சுவரும் பார்க்கிற அமைச்சர் திருமலைக்கொழுந்துக்குக் குதிகால் வாதம். இருவருடைய கண்ணும் அந்தப் பலகையை விட்டு நகரவே இல்லை.

ஒரு மத்தியானம், அம்பலவாணர் வீட்டுத் தோட்டத்தில் இருவரும் ஆளுக்கொரு தவலை வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திருமலைக்கொழுந்துதான் திட்டத்தைச் சொன்னார். ஆண்டியப்பன் பெயர் வாங்கியது சண்டையில் வழக்கு இல்லை என்று காட்டி. ஆகவே அவனைக் கவிழ்க்கவும் ஒரு சண்டைதான் வேண்டும். நாம் இருவரும் சபையில் சண்டை போடுவோம். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் முட்டவே கூடாது. முரண்படுகிற இடத்தைக் காட்டு என்று ராஜாவை விட்டு அவனைக் கேட்க வைப்போம். அவன் வழக்கம்போல ஆமா இல்லையா என்று கேட்பான். முதலில் பதில் சொல்கிறவர் எதைச் சொல்கிறாரோ அதையே மற்றவரும் சொல்லிவிட வேண்டும். இல்லாத இடத்தை அவன் எங்கே போய்த் தேடுவான்? அம்பலவாணருக்குச் சந்தோஷத்தில் வெந்நீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சண்டைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய ஏரியின் மதகு. மலையில் மழை பெய்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்களில் நாற்று விட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். மதகைத் திறக்க ராஜாவின் ஆணை வேண்டும். அது வழக்கமாக ஒரு நடையில் முடிகிற காரியம். இந்த முறை அம்பலவாணர், கடைமடையில் நாற்று காய்கிறது மகாராஜா என்று ஆரம்பித்தார். உடனே திருமலைக்கொழுந்து, ஏரியின் தெற்குக் கரை தளர்ந்திருக்கிறது மகாராஜா என்றார். நாற்று காய்ந்தால் களஞ்சியம் காலி என்றார் அவர். கரை போனால் ஊரே போகும் என்றார் இவர். ராஜா கிழக்கே நடக்கும்போது நாற்றின் பக்கம், மேற்கே திரும்பும்போது கரையின் பக்கம். இப்படியே ஏழு நாள்.

அங்கே நாற்று காய்கிறது. இங்கே இரண்டு பேர் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் கூத்துக் கட்டுகிறார்கள். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போகட்டும், கதையைக் கவனிப்போம்.

ஏழாம் நாள் காலையில் ஆண்டியப்பன் தன் பலகையில் உட்கார்ந்து சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்பலவாணருக்கு நடுவில் இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். திருமலைக்கொழுந்து பேச்சை நிறுத்தி, அவர் இருமி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு கத்த ஆரம்பித்தார். நிஜமாகச் சண்டை போடுகிறவன் எதிராளியின் இருமலுக்குக் காத்திருப்பானா? ஆண்டியப்பனுக்கு அப்போதே மனசில் ஏதோ உறுத்தியது. ஆனால் அதை யோசித்து முடிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்பலவாணர் ராஜாவின் பக்கமாக ஒதுங்கி, வழக்கின் முடிச்சைக் கண்டுபிடிப்பதில் ஆண்டியப்பரைப் போல ஒருவர் உண்டா, எங்கள் வழக்கில் அவர் வாயைத் திறக்காதது எங்களுக்கு மனக்குறையாக இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். ராஜா அதுவரை வேகமாக நடந்தவர் இன்னும் வேகமாக நடந்தார்.

"ஆண்டியப்பா, ஏழு நாளாக விளக்கம் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாகிவிட்டது. எனக்கு இனி விளக்கம் வேண்டாம். இவர்கள் இருவரும் முரண்படும் இடத்தை நீ எனக்கு விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இன்று மாலை விளக்கு ஏற்றுவதற்குள்."

"விரல் நீட்டியா, மகாராஜா?"

"விரல் நீட்டி. பூக்காரிகளுக்குச் சொன்னதுபோல வழக்கே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது. காட்ட முடியாவிட்டால் உன் இடத்தைக் காலி செய்துவிட்டு, நாளைப் பொழுது விடிவதற்குள் என் எல்லையைத் தாண்டிப் போய்விடு. அதுவரைக்கும் மதகும் திறக்காது."

சொல்லிவிட்டு அவர் மேற்குத் தூணுக்குப் போய்விட்டார். ராஜாவின் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அம்பலவாணரும் திருமலைக்கொழுந்தும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பின்னாலேயே நடந்தார்கள்.

ஆண்டியப்பனுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனும் நடந்தான். கோட்டையைத் தாண்டி, வெயிலில் வேர்க்க விறுவிறுக்க, பெரிய ஏரிக்குப் போனான். மதகுக்குப் பக்கத்தில் கடைமடைக்காரர்கள் முப்பது நாற்பது பேர் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் போய்க் காய்கிற நாற்றைப் பார்ப்பதைவிட இங்கே தண்ணீரையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று வந்திருந்தார்கள். அதில் வேலாண்டி என்ற உழவன் ஆண்டியப்பனை அடையாளம் கண்டுகொண்டு, அமைச்சர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று விசாரித்தான். ஒருவர் நாற்று காய்கிறது என்கிறார், ஒருவர் கரை தளர்ந்திருக்கிறது என்கிறார் என்று ஆண்டியப்பன் சொன்னான்.

"ரெண்டும் நெசந்தானுங்களே," என்றான் வேலாண்டி.

"ரெண்டும் நெசம்னா சண்டை எங்கப்பா இருக்கு?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம். தண்ணியத் தொறந்துவிட்டா நாத்தும் பொழைக்கும், கரைக்கும் பாரம் கொறையும். இதுக்கு எதுக்குங்க ஏழு நாளு?"

 ஆண்டியப்பனுக்குச் சந்தேகம் இப்போது நிச்சயமாகிவிட்டது. சண்டை பொய். ஆனால் பொய் என்று தெரிந்து என்ன பயன்? ராஜா கேட்டது இடம். இல்லாத சண்டைக்கு இடம் எங்கே இருக்கும்? போய் மகாராஜா இது கூட்டுச் சதி என்று சொல்லலாம். இருமலைச் சாட்சி சொல்லச் சொன்னால் இருமல் வருமா? அவன் மதகின் கல்லை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான், கும்பலை ஒரு தடவை பார்த்தான், பிறகு வீட்டுக்குத் திரும்பினான். 

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். அரண்மனைச் செய்தி அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விகடகவிக்கென்று விட்ட வீடு அது. இடம் போனால் வீடும் போகும். அவள் பாத்திரங்களை டங் டங்கென்று வைத்த விதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்பது தெரு முழுக்கக் கேட்டது.

"ராசா வீட்டு சகவாசம் வேணாம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். உக்கார பலகை கேட்டாராம் பலகை. இப்ப ஊரே இல்லாமப் போச்சு."

அவன் சோற்றில் கை வைத்தான், சாப்பிடவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"கெணத்தடி முருங்க இப்பத்தான் காய்ப்புக்கு வந்துச்சு. நாம போனப்புறம் எவரு வந்து குந்தப் போறாரோ, யாரு பறிச்சுத் திங்கப் போறாங்களோ."

"இப்ப என்ன சொன்ன?"

"முருங்கையச் சொன்னேன்."

"அதுக்கப்புறம்."

"நாம போனப்புறம் எவரு வந்து குந்தப் போறாருன்னு சொன்னேன். ஏன், தப்பா?"

ஆண்டியப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவள் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். அவன் காதில் அது விழவே இல்லை.

சபைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ராஜா நடந்துகொண்டிருந்தார். விளக்கேற்றுகிறவன் எண்ணெய்க் கிண்டியும் திரியுமாக வாசலில் வந்து நின்றுவிட்டான். கடைமடைக்காரர்களும் கோட்டைக்குள் வந்து மண்டபத்துக்கு வெளியே முற்றத்தில் குவிந்திருந்தார்கள். அம்பலவாணர் மட்டும் அடிக்கொரு தரம் சூரியனைப் பார்த்தார்.

ஆண்டியப்பன் போய்த் தன் பலகையில் உட்கார்ந்தான்.

"மகாராஜா, தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு பெருமக்களும் ஒரே பேச்சுக்கு ஆம் என்றுவிட்டால், அதைவிட மேலான ஆலோசனை தங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அதை அப்போதே ஆணையாக எழுதிவிட்டால் தங்கள் நேரம் மிச்சமாகும்."

நேரம் மிச்சமாகும் என்றதுமே ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. "நல்லது. இருவரும் ஆம் என்றால் அது ஆணை. எழுத்தரே, எழுத்தாணியைக் கையில் எடும்," என்றார்.

அமைச்சர்கள் இருவருக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆலோசனையை எழுத வேண்டாம் என்று எந்த அமைச்சன் சொல்வான்? தலையை ஆட்டினார்கள்.

ஆண்டியப்பன் முதலில், கடைமடையில் நாற்று காய்கிறது, ஆமா இல்லையா என்றான். அம்பலவாணர் ஆம் என்றார். திருமலைக்கொழுந்தும் ஆம் என்றார். ஏரியின் தெற்குக் கரை தளர்ந்திருக்கிறது என்றான். திருமலைக்கொழுந்து ஆம் என்றார், அம்பலவாணர் ஆம் என்றார். சபையில் லேசாக ஒரு சலசலப்பு. ஏழு நாளாகத் தொண்டை வற்றக் கத்தியவர்கள் இவர்கள்தானா என்று எல்லோரும் பார்த்தார்கள். ராஜாவின் நடை கொஞ்சம் தடுமாறியது.

"தெற்குக் கரைக்கு இன்றே மண் கொட்டி முளையடித்துப் பலப்படுத்த வேண்டும்."

திருமலைக்கொழுந்து ஆம் என்றார். அது அவருடைய வேலை, வேறு என்ன சொல்வார்? அம்பலவாணர் ஆம் என்றார். எழுத்தர் எழுதினார். ஆணையை வாங்கிக்கொண்டு ஓர் ஆள் ஓடினான்.

"அந்த வேலை நடக்கும்போது ஓர் அமைச்சர் கரைமேலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்."

அம்பலவாணர் திருமலைக்கொழுந்தை மனசில் வைத்துக்கொண்டு ஆம் என்றார். திருமலைக்கொழுந்து அம்பலவாணரை மனசில் வைத்துக்கொண்டு ஆம் என்றார். அதுவும் எழுதப்பட்டது.

"மதகை இந்த நிமிஷமே திறக்க வேண்டும்."

அம்பலவாணருக்குத் திக்கென்றது. ஏழு நாளாக நாற்று நாற்று என்று கத்திவிட்டு, முற்றத்தில் அத்தனை உழவர்கள் நிற்கும்போது இப்போது இல்லை என்றால் நன்றாக இருக்குமா? ஆம் என்றார். எல்லோரும் திருமலைக்கொழுந்தைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. முரண்படும் இடம் அதோ என்று அந்தக் குட்டையன் விரலை நீட்டிவிடுவான். ஏழு நாள் பாடு தண்ணீரில் போகும். ஆம் என்று முனகினார்.

இருவரும் ஆம் என்றால் ஆணை என்று ராஜாவே சொல்லிவிட்டாரே, ஓலை போயிற்று. முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ஓலைக்குப் பின்னாலேயே ஓடினார்கள். வேலாண்டி மட்டும் போகாமல் நின்றான். இந்த மனுஷன் கதி என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மதகுக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் ஆண்டியப்பன் இன்னும் தப்பவில்லை. வெயில் தூணின் உச்சியில் ஒரு கீற்றுதான் மிச்சம். விளக்கேற்றுகிறவன் திரியை எண்ணெயில் நனைத்துவிட்டான். ராஜா பலகைக்கு எதிரே வந்தார்.

"ஆண்டியப்பா, இவர்கள் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறார்கள். ஒத்துப்போகும் இடத்தையா நான் கேட்டேன்? முரண்படும் இடத்தைக் கேட்டேன்."

"பாவம், தேடட்டும் மகாராஜா," என்றார் அம்பலவாணர். "இன்னும் சிறிது வெளிச்சம் இருக்கிறது."

விகடம் பேசுகிறவனுக்குப் பயம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்துக் கேட்கப்போகிற கேள்வியும் வீணாய்ப் போய்விட்டால் ஆண்டியப்பன் பிழைப்பு போயிற்று. இதற்கும் இரண்டு பேரும் ஆம் என்றால் அது ஆணையாகவே எழுதப்பட்டுவிடும். அதுவும் அவன் வாயாலேயே.

"மகாராஜா, ஒரே ஒரு பேச்சு பாக்கி. நான் இந்த நாட்டை விட்டுப் போன பிறகு, தங்கள் வலப்பக்கத்து இந்த இடம் அம்பலவாணருக்கே உரியது. முதலில் அவரே சொல்லட்டும். ஆமா, இல்லையா?"

அம்பலவாணர் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அந்தச் சபையில் கிடையாது என்றுதான் சொன்னேனே. அவருடைய முழங்கால் இரண்டும் அவருக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டன.

"ஆம்," என்றார்.

எழுத்தரின் எழுத்தாணி ஓலையைத் தொட்டபடி நின்றது. இன்னொரு ஆம் விழ வேண்டியதுதான், அவர் எழுதிவிடுவார். அவர் திருமலைக்கொழுந்தைப் பார்த்தார். ராஜாவும் பார்த்தார். அம்பலவாணர் எல்லோரையும்விட ஆவலாகப் பார்த்தார், கண்ணாலேயே சொல்லு சொல்லு என்று கெஞ்சினார்.

திருமலைக்கொழுந்து அந்தப் பலகையைப் பார்த்தார். குதிகாலில் சுருக்கென்று குத்தியது. யார் போட்ட திட்டம்? யார் யோசித்தது, யார் ஏழு நாள் தொண்டையைக் கிழித்துக்கொண்டது? இந்தக் களஞ்சியத்துப் பெருச்சாளி சம்மணம் போட்டு உட்காருவாராம், தான் சாகிற வரைக்கும் அவர் எதிரே நடக்க வேண்டுமாம்.

"இல்லை," என்றார்.

ஆண்டியப்பன் பலகையை விட்டு எழுந்தான். வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டித் தான் உட்கார்ந்திருந்த பலகையைக் காட்டினான்.

"மகாராஜா, தாங்கள் கேட்ட இடம் இதுதான்."

ராஜா பலகையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "இது உன் இடம் அல்லவா?"

"இதுவரைக்கும் என் இடம். இவர்கள் இருவரும் முரண்படும் இடமும் இதுவேதான். ஏரியில் தேடினேன், கரையில் தேடினேன், அங்கெல்லாம் இல்லை."

அதற்குள் திருமலைக்கொழுந்துக்குச் சபை, ராஜா எல்லாம் மறந்துபோயிற்று. அம்பலவாணர் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்:

"திட்டம் போட்டது நான். பலகை மட்டும் உமக்கா?"

ராஜா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். முற்றத்தில் வேலாண்டி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் ராஜா எழுத்தரிடம் அந்த நாளின் ஆணைகளைப் படிக்கச் சொன்னார். கரைமேல் நிற்க வேண்டிய ஓர் அமைச்சர் யார் என்று கேட்டார். அம்பலவாணர் திருமலைக்கொழுந்தைக் காட்டினார், திருமலைக்கொழுந்து அம்பலவாணரைக் காட்டினார். அப்படியானால் இருவரும் போங்கள் என்றார் ராஜா. கரை வேலை முடிந்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறும் வரை கரைமேல் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, பிறகு என்ன செய்வது என்று நான் யோசிக்கிறேன் என்றார். அவர்கள் நொண்டிக்கொண்டே படி இறங்கினார்கள்.

ராஜா ஆண்டியப்பனை மறுபடி பலகையில் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்ததும், "இவர்கள் சண்டை பொய் என்று உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

"காலையில் சந்தேகம் வந்தது. மத்தியானம் நிச்சயமாயிற்று, மகாராஜா."

"காலையிலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால், தாங்கள் நின்று கேட்டிருப்பீர்களா?"

ராஜா கிழக்குத் தூணைப் பார்த்தார், மேற்குத் தூணைப் பார்த்தார். காய்ந்துகொண்டிருந்த நாற்றும், ஏழு நாளும், கிழக்குக்கும் மேற்குக்கும் தான் போட்ட நடையும் அவர் மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். அவர் முகத்தில் அது தெரிந்தது.

"இல்லை," என்றார்.

"நானும் இல்லை என்றுதான் நினைத்தேன். அதில் நமக்குள் வழக்கு இல்லை, மகாராஜா."

ராஜா இந்தத் தடவை சத்தமில்லாமல் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டார். விளக்கேற்றுகிறவன் உள்ளே வந்தான்.